மூன்றாம் மணிக்குள் வந்தாக வேண்டியவர்

ஆலங்குடி பிச்சைமுத்து மேடையில் பேசியது இரண்டே வசனம். முதலாவது, ஜமீன் மாளிகை வாசலில் காவல்காரனாக நின்று, "யாரங்கே?" என்று கேட்பது. அதற்கு நாடகத்தில் யாரும் பதில் சொல்வதில்லை. ஆகவே அதை ஒரு வசனமாக அவரே மதித்ததில்லை. இரண்டாவது, விடியற்காலையில், கதாநாயகன் கழுத்தில் சுருக்கோடு நிற்கும்போது தலைதெறிக்க ஓடிவந்து, "நிறுத்துங்கள்! மன்னிப்பு!" என்று முழங்குவது. இந்த இரண்டு சொல்லுக்காகப் பத்தொன்பது வருஷம் அவர் தொண்டையைப் போற்றி வளர்த்தார். தயிர் தொடமாட்டார். ஐப்பசி, கார்த்திகையில் காதில் பஞ்சு. பகலெல்லாம் கடலை மண்டியில் சாக்குத் தைக்கும்போதுகூட, பேச வேண்டியதைக் கையால் காட்டிவிட்டு, குரலை மிச்சம் பிடித்து வைத்தார். இடுப்பில் கோணி ஊசியும் சணல் அறுக்கும் சின்னக் கத்தியும் எப்போதும் இருக்கும்.

அந்த இரண்டு சொல்லை ஒரேயொரு தடவை அவர் நேரத்துக்குச் சொல்லாமல் போனதுதான் இவருடைய சரித்திரம். அதைச் சொல்வதற்கு முன் நாடகத்தின் சரித்திரத்தைச் சொல்லியாக வேண்டும். இருவரில் நாடகமே மூத்தது.

நாடகத்தின் பெயர் 'கருணாகர சரித்திரம் என்கிற மூன்று மணி'. அதன் பூர்வோத்தரத்தைச் சொன்னவர் நாடக ஏஜென்ட் ஆவுடையப்பன். அவர் சொல்வதில் பாதியை நம்பலாம். எந்தப் பாதி என்பதை அவர் தெரிவித்ததில்லை.

அவர் கூற்றுப்படி, இந்த நாடகம் நூறு வருஷத்துக்கு முன் லண்டனில், ஆற்றங்கரையோரம், கப்பல் கூலிகளும் மீன்காரிகளும் உட்கார்ந்து அழுவதற்கென்றே கட்டிய ஒரு கொட்டகையில் பிறந்தது. மாவு மில் முதலாளியைக் கொன்றதாக ஒரு நல்ல வேலைக்காரன் மீது பழி. கொன்றவன் முதலாளியின் மருமகன். கோர்ட்டார் நல்லவனுக்குத் தூக்கு விதிக்கிறார்கள். தூக்குக்கு முன் மூன்று தடவை மணி அடிக்க வேண்டும். மூன்றாவது மணியில் காலடிப் பலகை போய்விடும். மருமகன் மனம் திருந்தி உண்மையை எழுதிக் கொடுக்க, ராணியின் மன்னிப்போடு ஒருவன் குதிரையில் பாய்ந்து வருகிறான். அக்காலத்தில் அந்த ஊரில் தூக்குப் போடுவதைத் தெருவிலேயே இலவசமாகக் காட்டிவந்தார்களாம். ஆகவே டிக்கெட் வாங்கி உள்ளே வருகிறவனுக்குத் தெருவில் கிடைக்காத ஒன்றைக் கொடுத்தாக வேண்டுமென்று கொட்டகைக்காரன் யோசித்தான். அவன் கண்டுபிடித்ததுதான் கடைசி நிமிஷ மன்னிப்பு. தெருவில் அது ஒருநாளும் வந்ததில்லை.

லண்டன் அழுது தீர்த்த நாடகத்தை வெள்ளைக்காரக் கம்பெனி ஒன்று கப்பலேற்றிச் சென்னைப்பட்டணத்துக்குக் கொண்டுவந்தது. மன்னிப்புக் குதிரையும் கூடவே வந்தது. இறங்கிய மூன்றாம் நாள் அது செத்தது. ஜட்கா மட்டக் குதிரை ஒன்றைப் பிடித்து ஒப்பேற்றினார்கள். ஓசி டிக்கெட்டில் அதைப் பார்த்த ஒரு குமாஸ்தா, வீட்டுக்குப் போன கையோடு தமிழில் எழுதிவிட்டார். மில் முதலாளி ஜமீன்தார் ஆனார். வேலைக்காரன் கருணாகரன் ஆனான். குதிரை செலவு என்பதால் நீக்கப்பட்டது. பாட்டுகள் அறுபத்து மூன்று சேர்ந்தன. கழுத்தில் சுருக்கு விழுந்த பிறகு பாடுவதற்கு மட்டும் ஏழு.

பிறகுதான் வில்லங்கம். தஞ்சாவூர் ஜில்லாவில் ஒரு தடவை ஆடியபோது முன்வரிசையில் உட்கார்ந்திருந்த துரை ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம், "குற்றமில்லாதவனுக்குத் தூக்கு விதித்தது யாருடைய கோர்ட்?" என்று கேட்டார். பக்கத்திலிருந்தவர் உண்மை பேசும் வழக்கமுள்ளவர். "தங்களுடையதுதான்" என்றார். துரை சிரிக்கவில்லை. நாடகங்களைக் கண்காணிக்கச் சட்டம் ஏற்கெனவே இருந்தது. பிரதியை வாங்கிப் பார்த்தார்கள். சர்க்கார் கோர்ட் தவறு செய்வதில்லை. ஆகையால் கருணாகரன்தான் கொலை செய்திருக்க வேண்டும். ஆகையால் அவன் குற்றத்தை ஒப்புக்கொண்டு தொங்க வேண்டும். ஆகையால் மன்னிப்பு தேவையில்லை. இப்படி முத்திரை குத்தித் திருப்பிக் கொடுத்தார்கள்.

புதுக்கோட்டை சமஸ்தானத்தில் அந்த முத்திரை செல்லாது. அங்கே மன்னிப்பை ராஜா அனுப்புவதாக மாற்றிக்கொண்டார்கள். அதிகாரிகளுக்கும் அது பிடித்திருந்தது.

ஆக நாடகம் ஒன்று, முடிவு இரண்டு. ராஜா மண்ணில் ஆடினால் மன்னிப்பு. வெள்ளைக்கார சர்க்கார் மண்ணில் ஆடினால் தூக்கு. ஆலங்குடியில் பிழைத்த கருணாகரன் அடுத்த வாரம் ஆவுடையார்கோவிலில் தொங்குவான். நடிகர்களும் ஒரே கம்பெனி ஆட்கள் அல்ல. ஆவுடையப்பன் தேதி சொல்லி அனுப்புவார். ஒவ்வொருவரும் அவரவர் ஊரிலிருந்து வந்து, ஒத்திகை இல்லாமல், நேராக முகத்தில் அரிதாரம் பூசிக்கொண்டு மேடையேறுவார்கள். எந்த முடிவு என்று யாரும் யாருக்கும் சொல்வதில்லை. காலுக்குக் கீழே எந்த மண் என்று பார்த்துக்கொள்வது அவரவர் பொறுப்பு.

சொல்லாததற்குக் காரணமும் உண்டு. விராலிமலையில் ஒரு கருணாகரன், அரிதாரம் பூசும்போது, "இன்னைக்கு எனக்குத் தூக்கா, மன்னிப்பா?" என்று வேடிக்கையாகக் கேட்டானாம். அன்று மன்னிப்புத்தான். எட்டாம் நாள் அவன் மாட்டு வண்டியிலிருந்து விழுந்து கழுத்து முறிந்து செத்துப் போனான். அன்று முதல், முகத்தில் பூச்சு ஏறிய பிறகு வேஷக்கொட்டகைக்குள் கயிறு, தூக்கு, முடிவு என்ற சொற்களை யாரும் உச்சரிப்பதில்லை. வேட்டியைக் காயப்போடக் கொடி வேண்டுமென்றால்கூடக் கையால் கோடு போட்டுக் காட்டுவார்கள்.

சர்க்கார் முடிவுக்கென்று ஒரு தோல் கச்சை உண்டு. அக்குளுக்குக் கீழே இறுக்கிக் கட்டி, மேலே சட்டை போட்டுக்கொள்வார்கள். பிடரிக்குப் பின்னால் இரும்புக் கொக்கி ஒன்று துருத்திக்கொண்டிருக்கும். தூக்குப் போடுகிறவன் சுருக்கை மாட்டுகிற சாக்கில் கயிற்று வளையத்தைக் கொக்கியில் கோத்துவிடுவான். முக்காலியை எட்டி உதைத்ததும் உடம்பு கச்சையில் தொங்கும்; கழுத்துக்கு ஒன்றும் ஆகாது. ராஜா முடிவுக்குக் கச்சை கிடையாது. அது அழுத்தினால் மேல்ஸ்தாயி எடுக்க வராது. எப்படியும் மன்னிப்பு வந்துவிடப் போகிறது. எதற்காக மூச்சுத் திணற வேண்டும்?

மன்னிப்பு என்பது பிச்சைமுத்து.

கருணாகரனாக நின்றது ராக்கன். ஆலங்குடிப் பக்கத்தில் அவனுக்கு நிகரான ராஜபார்ட் அப்போது இல்லை. பிச்சைமுத்துவின் தங்கை செவந்தியைக் கட்டியவன். மாப்பிள்ளை கயிற்றில் நிற்க, மைத்துனர் மன்னிப்போடு ஓடிவருவது என்று வருஷக்கணக்கில் குடும்பத் தொழிலாகவே நடந்துவந்தது.

1938 பங்குனியில் செங்காட்டுப்பட்டி அம்மன் திருவிழாவுக்கு நாடகம் பேசியிருந்தார்கள். ஊர் ராஜாவுடையது. கோயில் சர்க்காருடையது. நடுவே ஓர் ஓடை, ஓடைதான் எல்லை. நாடகம் எப்போதும் கோயில் பொட்டலில்தான். ஆகவே செங்காட்டுப்பட்டி என்றால் தூக்கு என்பது எல்லோருக்கும் மனப்பாடம்.

நான்கு நாளைக்கு முன்பே, மண்டி வேலையாக ஆவுடையார்கோவிலுக்குப் புறப்பட்ட பிச்சைமுத்துவை வாசலில் மறித்தாள் செவந்தி.

"அண்ணே, அங்கிட்டிருந்து நேரா நாடகத்துக்கு வந்துருவீகள்ல?"

"வராம என்ன? காவக்காரன் வேசம் இருக்குல்ல."

"காவக்காரனத் தூக்கிக் குப்பையில போடுங்க. அவரு மேல நிக்கிறப்ப நீங்க ஓரத்துல நிக்கணும்."

"செங்காட்டுப்பட்டியில நான் ஓடியார வேலையே கெடையாதே ஆத்தா. சர்க்கார் மண்ணு. மாப்பிள்ளைக்குக் கச்சை இருக்கு."

"கச்சை இருக்கோ இல்லையோ, நீங்க இருக்கணும். நான் கண்டத நம்ப மாட்டேன். ஒங்களத்தான் நம்பி அனுப்புறேன்."

பிச்சைமுத்து குரலை மிச்சம் பிடிக்கத் தலையை மட்டும் ஆட்டினார். அந்தத் தலையாட்டலைப் பிற்காலத்தில் செவந்தி பல தடவை நினைவுபடுத்தினாள்.

நாடகத்துக்கு முந்தின இரண்டு நாள், பங்குனியில் பெய்யக்கூடாத மழை பெய்தது. கோயில் பொட்டல் உழுத வயலாகிவிட்டது. ஆவுடையப்பன் சுறுசுறுப்பான மனிதர். கொட்டகையைப் பிரித்து, ஓடைக்கு இப்புறம், ஊர்ப் பக்கத்து மேட்டில் போட்டுவிட்டார். இருநூறு கெஜம்கூட இராது. அதே கோபுரம், அதே ஜனம், அதே பெட்ரோமாக்ஸ் விளக்கு. மண் மட்டும் ராஜாவுடையது.

மேற்கேயிருந்து பஸ் பிடித்து, பட்டப்பகலில் நடந்துவந்த ராக்கனுக்கு ஓடையைத் தாண்டாமலே மேடை வந்துவிட்டது. 'நல்லது, இன்று மன்னிப்பு' என்று எண்ணிக்கொண்டான். கச்சையைப் பெட்டியை விட்டே எடுக்கவில்லை.

கிழக்கேயிருந்து பிச்சைமுத்துவும், தூக்குப் போடும் சேவுகனும் ஒரே மாட்டு வண்டியில் வந்தார்கள். சேவுகன் ஆவுடையார்கோவில்காரர், கடமையில் கண்டிப்பானவர். இருபது வருஷத்தில் ஒரு முக்காலியைக்கூட மூன்றாம் மணிக்கு மேல் அவர் நிற்கவிட்டதில்லை. மழைக்கு ஊரெல்லாம் ஓடையாகக் கிடந்தது. வண்டி எத்தனையோ தண்ணீரைத் தாண்டியது. அதில் எல்லை ஓடையும் ஒன்று. அப்போது இருவரும் உறக்கத்தில் இருந்தார்கள். மாடுகள் மட்டும் விழித்திருந்தன. அவற்றை யாரும் கேட்கவில்லை.

வண்டி நின்றபோது இருட்டிவிட்டது. வேஷக்கொட்டகையில் ராக்கன் ஏற்கெனவே பூச்சோடு உட்கார்ந்திருந்தான். மைத்துனரைக் கண்டதும் அவன் முகம் தெளிந்தது.

"வாங்க மச்சான். வண்டியில நல்ல ஒறக்கம் போலருக்கு?"

"ஆமா மாப்பிள்ளை. ஒடம்பெல்லாம் வலிக்குது."

"இனிமே தூங்கிறாதீக." கண்ணாடியில் அவரையே பார்த்தபடி ராக்கன் மறுபடி சொன்னான். "விடியுற வரைக்கும் தூங்கிறாதீக, என்ன?"

அதற்கு மேல் அவன் சொல்லமுடியாது. பூச்சு ஏறிவிட்டது. அதற்கு மேல் இவரும் கேட்கமுடியாது. 'யாரங்கே'யை மறந்துவிடப் போகிறேன் என்று மாப்பிள்ளைக்குப் பயம் போலும் என்று பிச்சைமுத்து நினைத்து, சற்று மனத்தாங்கல் கூடக் கொண்டார்.

நாடகம் ஆரம்பித்தது. பத்தரை மணிக்குக் காவல்காரன் "யாரங்கே?" என்றார். வழக்கம்போல் பதில் இல்லை. வேஷத்தைக் கலைத்துவிட்டு மூட்டைக்குமேல் சாய்ந்தார். மேடையில் ஜமீன்தார் கொலையுண்டார். விதவை இருபத்திரண்டு பாட்டுப் பாடினாள். கோர்ட்டார் தீர்ப்புச் சொன்னார்கள். கீழ்வானம் சாம்பல் நிறமானபோது, தூக்குமேடைக்குத் திரை மாற்றும் சத்தத்தில் பிச்சைமுத்து விழித்தார். இனித் தமக்கு வேலையில்லை. சுக்குக் காப்பி குடிக்கலாமென்று எழுந்து நடந்தார். வழியில் ஒரு பனங்கட்டை குறுக்கே கிடந்தது. கீழே தண்ணீர் ஓடியது. அரைத் தூக்கத்தில் கட்டையைத் தாண்டிக் கோயில் பக்கம் போனார்.

அங்கே இருளாயி என்பவள் திருவிழாக் கடை போட்டு, சட்டியில் சுக்குக் காப்பி கொதிக்கவைத்துக்கொண்டிருந்தாள். கொட்டாங்கச்சியில் ஊற்றிக் கொடுத்தாள். ஒரு வாய் குடித்ததும் மேடையிலிருந்து முதல் மணி கேட்டது.

"பாவம், தூக்குல போடப்போறாக" என்றாள் இருளாயி.

"அதெல்லாம் கச்சை இருக்கு" என்று சொல்லிப் பிச்சைமுத்து மடியிலிருந்து சில்லறையை எடுத்து நீட்டினார்.

அவள் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஒரு பக்கம் அம்மன், மறுபக்கம் 'விஜய' என்ற எழுத்து. புதுக்கோட்டை அம்மன் காசு.

"இது வேண்டாங்க. இங்க செல்லாது."

"ஏன் செல்லாது? திருவிழாவுக்குத் திருவிழா குடுத்துக்கிட்டுத்தான வாரேன்."

"ஊருக்குள்ள குடுத்திருப்பீக. இது சர்க்கார் மண்ணுங்க. ஒங்க ராசா காசு ஓடைக்கு அங்கிட்டுத்தான் செல்லும்."

"ஓடை எங்க இருக்கு?"

இருளாயி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "என்ன பெரியவரே, கள்ளுக் குடிச்சிருக்கீகளா? இப்பத்தான அந்தப் பனங்கட்டையில ஆடிக்கிட்டே தாண்டி வந்தீக? அதுதான் ஓடை."

பிச்சைமுத்து திரும்பிப் பார்த்தார். ஓடைக்கு அந்தப் பக்கத்தில் கொட்டகை விளக்கு தெரிந்தது. ஓடைக்கு அந்தப் பக்கத்தில். அவருக்கு ஒவ்வொன்றாகப் புரிந்தது. மேடை ராஜா மண்ணில் இருக்கிறது. ராக்கன் அதைப் பகலில் பார்த்திருக்கிறான். கச்சை கட்டியிருக்கமாட்டான். சேவுகன் இருட்டில் வந்து இறங்கியவர். அவருக்குச் செங்காட்டுப்பட்டி என்றால் சர்க்கார். மூன்றாம் மணிக்கு உதைத்துவிடுவார். தடுக்க வேண்டியவர் இங்கே சுக்குக் காப்பி குடித்துக்கொண்டிருக்கிறார்.

கொட்டாங்கச்சி கீழே விழுந்தது. காசைப் பிடுங்கிக்கொண்டு ஓடினார். பனங்கட்டை கண்ணில் படவில்லை, ஓடைக்குள் இறங்கினார். முழங்கால் தண்ணீர், அதன் கீழே சேறு. நடு ஓடையில் இரண்டாம் மணி கேட்டது.

மேடையில் ராக்கன் முக்காலிமேல் நின்று ஐந்தாம் பாட்டில் இருந்தான். கண் மட்டும் மேடையோரத்தை மறைக்கும் ஓரத்தட்டியையே பார்த்துக்கொண்டிருந்தது. வழக்கமாக ஐந்தாம் பாட்டுக்கே மச்சான் அங்கே மேல்துண்டை வரிந்துகட்டிக்கொண்டு நின்றுவிடுவார். ஓரத்தட்டியில் ஒரு நாய் நின்றது. ராக்கன் ஆறாம் பாட்டை இழுத்தான். மூச்சு நடுங்கியது. அந்த நடுக்கம் ஜனங்களுக்குப் பிடித்துப்போயிற்று.

"ஒன்ஸ்மோர்!" என்று கத்தினார்கள்.

ராக்கன் நன்றியோடு மறுபடி பாடினான். மறுபடி கேட்டார்கள். மறுபடி பாடினான். தன் பாட்டுக்கு இத்தனை ரசிகர்கள் உண்டென்று அவனுக்கு அன்றுதான் தெரிந்தது. ஆனால் ஏழாம் பாட்டுக்கு யாரும் ஒன்ஸ்மோர் கேட்கவில்லை. விடிந்துவிட்டது, மாடு கறக்கப் போகவேண்டும், ஆளைச் சீக்கிரம் தொங்கவிட்டால் தேவலை என்று அவர்களுக்கும் தோன்றியிருக்கலாம்.

"அண்ணே, செத்தப் பொறுங்க" என்று ராக்கன் உதடு அசையாமல் சொன்னான். மன்னிப்பு வராமல் சேவுகன் உதைக்கமாட்டார் என்று அவன் நம்பியிருந்தான்.

சேவுகனுக்கு அது கேட்டது. சர்க்கார் முடிவில் கருணாகரன் கெஞ்சுவது உண்டு. குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே கெஞ்சுகிறானே என்று ஒரு சின்னக் குறைதான் அவருக்கு. சுருக்கை மாட்டும்போது கொக்கி கையில் தட்டுப்படாததையும் கவனித்திருந்தார். கச்சை கொஞ்சம் இறங்கியிருக்கும், கருணாகரனே கோத்துக்கொண்டிருப்பான் என்று விட்டுவிட்டார். பெரிய ராஜபார்ட்டின் சட்டைக்குள் கையை விட்டுத் துழாவுவது மரியாதையாகாது.

திரைக்குப் பின்னாலிருந்து ஆவுடையப்பன் மூன்றாம் மணியை அடித்தார். அங்கிருந்து அவருக்கு மேடை தெரியாது.

சேவுகன் உதைத்தார்.

பிச்சைமுத்து ஓரத்தட்டியைப் பிய்த்துக்கொண்டு மேடையில் விழுந்தபோது ராக்கன் துடித்துக்கொண்டிருந்தான். ஜனங்கள் கை தட்டினார்கள். பத்தொன்பது வருஷம் காத்த குரல் அவர் தொண்டையில் இல்லை. "நிறுத்துங்கள்" வரவில்லை, "மன்னிப்பு" வரவில்லை. ஓடிப்போய் மாப்பிள்ளையின் இரண்டு காலையும் கட்டிப்பிடித்து, தம் தோள்மேல் ஏற்றி நிறுத்தினார். கழுத்துக் கயிறு ஒரு விரல் அளவு தளர்ந்தது. கை தட்டல் இரட்டித்தது. அப்போதுதான் அவருக்குக் குரல் திரும்பியது.

"யோவ் சேவுகா, அறுய்யா! கச்சை இல்லய்யா!"

"என்னய்யா ஒளறுறீரு?" என்று சேவுகன் ஜனங்களுக்குக் கேட்காமல் பல்லைக் கடித்தார். "சர்க்கார் மண்ணுல கச்சை கட்டாம எவன் ஏறுவான்? நாடகத்தக் கெடுக்காதீரு. எறங்கும்."

"இது ராசா மண்ணு! நாம ஓடையத் தாண்டி வந்துட்டோம்!"

"நாந்தானய்யா வண்டியில வந்தேன். எனக்குத் தெரியாத ஓடையா?"

பிச்சைமுத்துவின் தோளில் ராக்கனின் கால்கள் வழுக்கத் தொடங்கின. அவர் ஒரு கையால் இடுப்பிலிருந்த கத்தியை உருவி நீட்டினார். மறு கையில் இன்னும் இறுகப் பிடித்திருந்த காசை முன்வரிசையை நோக்கி எறிந்து அலறினார்.

"சாமி, சொல்லுங்க சாமி! இந்தக் காசு இங்க செல்லுமா, செல்லாதா?"

முன்வரிசை ஆள் ஒருவர் அதைப் பொறுக்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கழுத்து இறுகிக்கொண்டிருந்த வேளையில் அவர் பார்த்த நிதானத்தைப் பிச்சைமுத்து சாகும்வரை மறக்கவில்லை.

"அம்மன் காசுல்ல? பேஷாச் செல்லும்!" என்றார் அவர். "கடையில குடுத்துச் சாமான் வாரிக்கிட்டுப் போகலாம்."

சேவுகனின் முகம் மாறியது. அம்மன் காசு செல்லும் மண் ராஜா மண். ராஜா மண்ணென்றால் மன்னிப்பு. அவர் கத்தியைப் பிடுங்கி, முக்காலியை நிமிர்த்தி ஏறி, இரண்டே இழுப்பில் கயிற்றை அறுத்தார். கடமையில் கண்டிப்பானவர்.

இப்படி ஒரு காட்சியை இந்தச் சீமையே கண்டதில்லை என்று ஜனங்கள் பேசிக்கொண்டே கறவைக்குப் போனார்கள்.

ராக்கன் பிழைத்தான். குரல் பிழைக்கவில்லை. மூன்று மாதத்துக்குப் பிறகு வாயைத் திறந்தபோது, உலர்ந்த பனையோலை உரசுவதுபோல ஒரு சத்தம் வந்தது. அதுவே கடைசி வரை. ராஜபார்ட் போயிற்று. 'மூன்று மணி' நாடகமும் போயிற்று, ஏனெனில் அதன்பின் அந்தச் சுருக்கில் தலை கொடுக்க எந்த ராஜபார்ட்டும் சம்மதிக்கவில்லை. செவந்தி அண்ணனோடு பேச்சை நிறுத்தினாள். ஒரே தெரு. தண்ணீர்க் குடத்தோடு எதிரே வந்தால் குடத்தை மாற்றி வைத்து முகத்தை மறைத்துக்கொண்டு போவாள். ஆள் அனுப்பிக் கேட்டதற்கு ஒரே பதில்தான் வந்தது: "அந்த மனுசன் கழுத்தக் குடுத்துப் பாக்கட்டும். அப்பறமாப் பேசுறேன்."

பத்து வருஷம் அப்படியே போயிற்று. யுத்தம் வந்தது, அரிசிக்கு ரேஷன் வந்தது, துரைகள் போனார்கள். 1948 மார்ச்சில் சமஸ்தானத்தை இந்தியாவோடு சேர்த்துவிட்டார்கள். ஓடைக்கு இருபுறமும் ஒரே மண்.

இந்தச் செய்தியில் ஆவுடையப்பன் ஒருவர்தான் வியாபாரம் கண்டார். அந்தப் பங்குனியிலேயே செங்காட்டுப்பட்டிக்கு 'மூன்று மணி' பேசினார். தூக்குப் போடுவதற்குக் குரல் தேவையில்லை, ஆகவே ராக்கன். சேவுகனுக்கு முழங்காலில் வாதம், உதைக்க முடியாது; ஆகவே மன்னிப்போடு வருவது சேவுகன். கருணாகரனுக்கு ஆளில்லை.

"நான் நிக்கிறேன்" என்றார் பிச்சைமுத்து.

"ஒமக்குப் பாட்டுத் தெரியுமாய்யா?"

"பத்தொம்பது வருசம் ஓரத்துல நின்னு கேட்டிருக்கேன்."

எந்த முடிவு என்று இம்முறை அவர் பூச்சுக்கு முன்னதாகவே கேட்டுவிட்டார். ஆவுடையப்பன் தலையைச் சொறிந்தார். "ராசாவும் இல்ல, துரையும் இல்ல. புது சர்க்கார் முத்திரை குத்தின பிரதி இன்னும் வரல. மன்னிப்புன்னே வச்சுக்கிருவோம். எதுக்கும் கச்சையக் கட்டிக்கிரும்."

கச்சையைக் கட்டிவிட்டது ராக்கன். மூன்று தரம் இழுத்து இறுக்கினான்.

விடியற்காலை பிச்சைமுத்து முக்காலிமேல் ஏறினார். ராக்கன் சுருக்கை மாட்டினான். பிடரிப் பக்கம் அவன் விரல்கள் சிறிதுநேரம் வேலை செய்தன. பிச்சைமுத்து ஏழு பாட்டையும் பாடினார். யாரும் ஒன்ஸ்மோர் கேட்கவில்லை. முதல் மணி அடித்தது. ராக்கன் சுருக்கை மாட்டினான். பிடரிப் பக்கம் அவன் விரல்கள் சிறிதுநேரம் வேலை செய்தன. இரண்டாம் மணி அடித்தது. கீழே முன்பாயில் செவந்தி உட்கார்ந்திருந்தாள். பத்து வருஷத்தில் முதன்முறையாக முகத்தை மறைக்காமல் அண்ணனை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் மணி அடிக்கும்போதே, சேவுகன் காலை இழுத்து இழுத்து வந்து சேர்ந்து, இரைக்க இரைக்க, "நிறுத்துங்கள்! மன்னிப்பு!" என்றார். சரியான நேரம்.

ஜனங்கள் எழுந்தார்கள். ராக்கன் உதைக்க வைத்த கால் மட்டும் முக்காலியை விட்டு எடுபடவில்லை. கட்டைவிரல் விளிம்பில் ஊன்றியபடியே இருந்தது. அவன் சேவுகனைப் பார்க்கவில்லை. முன்பாயைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

செவந்தி அண்ணன் முகத்தில் வழிந்த வேர்வையையும், அரிதாரம் கரைந்து கோடு கோடாக இறங்குவதையும், தொண்டைக்குமிழ் கயிற்றுக்கு மேலே ஏறி இறங்குவதையும் நன்றாகப் பார்த்தாள்.

"போதும்" என்றாள். "எறக்கி விடுங்க."

ராக்கன் காலை எடுத்தான். பிச்சைமுத்து சுருக்கைக் கழற்றிவிட்டு, பிடரிப் பக்கம் தடவிப் பார்த்தார். கச்சைக் கொக்கி இருந்தது. கயிற்று வளையமும் இருந்தது. இரண்டும் கோக்கப்படவே இல்லை.

அவர் ராக்கனைப் பார்த்தார். ராக்கன் மைத்துனரைக் கைகொடுத்து இறக்கி, அவர் காதருகே குனிந்தான்.

"எனக்கும் இப்பிடித்தான் இருந்துச்சு, மச்சான்" என்றது பனையோலைக் குரல்.

பிச்சைமுத்து அதைப் பற்றி யாரிடமும் பேசவில்லை. அன்று மத்தியானம் செவந்தி வீட்டில் அவருக்கு இலை போட்டார்கள். மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்தார்கள். செவந்தி எழுந்து தயிர் ஊற்ற வந்தாள். பிச்சைமுத்து வேண்டாமென்று கைகாட்டப் போய், பிறகு கையை எடுத்துக்கொண்டார்.